இரண்டு டெல்ஃப்ட்

நெடுந்தீவின் தண்ணீரையும் கடலையும் ஆராய்கிறவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஆராய்ச்சி மட்டும் ஏன் தீவுக்குத் திரும்பி வருவதில்லை?

குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகுக்கு நிற்பவர்களின் கைகளைப் பார்த்தால் நெடுந்தீவின் நிலைமை பாதி விளங்கிவிடும். மரக்கறிப் பை, சீமெந்து மூடை, காஸ் சிலிண்டர், மருந்துப் பொட்டலம், அவற்றுக்கு நடுவே கட்டுக் கட்டாகத் தண்ணீர்ப் போத்தல். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஊருக்குக் குடிதண்ணீரைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறோம். ஒரு மணி நேரப் பயணம். மாவிலித்துறையில் இறங்கியதும் பெயர்ப் பலகைகள் கண்ணில் படும். தமிழில் நெடுந்தீவு என்றும் ஆங்கிலத்தில் டெல்ஃப்ட் என்றும் எழுதியிருக்கும்.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், அதை ஒட்டிய தீவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆனது. வேலணை லெய்டன். நயினாதீவு ஹார்லெம். புங்குடுதீவு மிடில்பேர்க். அனலைதீவு ரொட்டர்டாம். அந்தப் பெயர்களெல்லாம் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. நெடுந்தீவின் டெல்ஃப்ட் மட்டும் அரசாங்கக் கடிதங்களிலும் வரைபடங்களிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மற்றைய டெல்ஃப்ட் நெதர்லாந்தில் இருக்கிறது. 1957 முதல் அங்கே நீர்க் கல்விக்கென்றே ஒரு நிறுவனம் இயங்குகிறது. தண்ணீரைப் பற்றிய பட்டமேற்படிப்பில் உலகிலேயே மிகப் பெரியது அதுதான். ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் நீர்ப் பொறியியலாளர்கள் அங்கே போய்ப் படித்து வருகிறார்கள். ஒரு டெல்ஃப்ட் உலகத்துக்குத் தண்ணீரைப் பற்றிக் கற்றுக்கொடுக்கிறது. இன்னொரு டெல்ஃப்ட் போத்தல் தண்ணீருக்குக் காசு எண்ணிக் கொடுக்கிறது.

பெயர் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் இந்த இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் இன்று விஞ்ஞான உலகத்தின் பெரிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. ஓர் இடத்தைப் பற்றிய அறிவு எங்கே அச்சாகிறது, அதை வாசிக்க யாரிடம் காசு இருக்கிறது, அந்த இடத்து மனிதருக்கு அது எந்த மொழியில், எப்போது திரும்பி வருகிறது என்பதே அந்த வழக்கு. அதை நெடுந்தீவிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மேலால அள்ளு

தீவின் நடுப்பகுதியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. வளவைச் சுற்றி முருகைக்கல் வேலி. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின் மேல் கல்லை வைத்து அடுக்கியது, தலைமுறைகளாக அப்படியே நிற்கிறது. கிணறும் அதே கல்லால் கட்டியதுதான். எட்டிப் பார்த்தால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிற மாதிரி இருக்கும்.

நான் வாளியை விட்டேன். கயிற்றைத் தளர்த்தி அது நன்றாக அமிழும்வரை விட்டேன். பின்னால் நின்ற மாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஆழ விடாதை தம்பி. மேலால அள்ளு."

கயிற்றை ஒரு சுண்டுச் சுண்டினார். வாளி பக்கவாட்டில் சரிந்து, நீரின் மேற்பரப்பை மட்டும் வழித்துக்கொண்டு நிரம்பியது. குடித்துப் பார்த்தேன். இலேசான கரிப்பு. "இது வாய்க்கு வைக்கலாம். தேத்தண்ணிக்குச் சரிவராது" என்றார். ஆழத்திலிருந்து அள்ளியதையும் குடித்துப் பார்க்கச் சொன்னார். வித்தியாசம் நாக்கில் தெரிந்தது.

மாமி செய்ததற்கு விஞ்ஞானத்தில் ஒரு பெயர் உண்டு. நெடுந்தீவில் ஆறு இல்லை, மலை இல்லை. தீவு முழுக்கச் சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும். மாரியில் பெய்யும் மழை கல்லின் துவாரங்களுக்குள் இறங்கி, கீழே பரவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட இலேசு, அதனால்தான் மிதக்கிறது. தீவின் நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் கிடக்கும் அந்த நீரை, மூக்குக்கண்ணாடி வில்லையின் வடிவம் என்பதால், நன்னீர் வில்லை என்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால்தான் ஆபத்து விளங்கும். மோட்டர் வைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓரடி இறக்கினால், அடியிலுள்ள உப்புநீர் 40 அடி மேலேறப் பார்க்கும். கிணறு ஒருமுறை உவர்த்துவிட்டால் மாரிகள் பல கடந்தாலும் அது மீள்வது கடினம்.

இந்தக் கணக்கை முதலில் எழுதியவர்களில் ஒருவர் வில்லெம் படோன் கைபன் என்ற ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர். 1888இல் அம்ஸ்டர்டாமுக்கு அருகே தோண்டவிருந்த ஒரு கிணற்றைப் பற்றிய குறிப்பில் அதை எழுதினார். 1901இல் அலெக்சாண்டர் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜேர்மானியர், வட கடல் தீவுகளின் கிணறுகளைப் பார்த்து அதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார். இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இது கைபன்–ஹெர்ட்ஸ்பெர்க் விதி. ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் டச்சு மொழியில் எழுதினார், மற்றவர் ஜேர்மன் மொழியில் எழுதினார். இரண்டு பேரும் தங்கள் ஊர்க் கிணறு உவர்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அந்த ஊரில் கிணறு தோண்டுகிறவர்களுக்கு விளங்குகிற மொழியில் எழுதினார்கள். உலகத்துக்குப் பொதுவான விதி அந்த உள்ளூர் வேலையிலிருந்துதான் பிறந்தது.

மாமியிடம் இந்த விதியைச் சொன்னேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி, மிதக்கிறது என்றால் எப்படி என்று காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. மோட்டர் பூட்டிய வளவுகளில் எந்தெந்தக் கிணறு எந்த ஆண்டில் உவர்த்தது என்று கிழக்கிலிருந்து மேற்காக ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு சொன்னார்:

"இந்தக் கிணத்துத் தண்ணியையும் போத்தல்ல எடுத்துக்கொண்டு போனவை. என்ன வந்ததெண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை."

கதவு பூட்டிய கட்டுரை

ஊருக்குத் திரும்பிய இரவே தேடினேன். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தடி நீரைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் ஏராளம். ஒன்றைத் திறந்தேன். தலைப்பும் சுருக்கமும் மட்டும் தெரிந்தன. முழுதும் வாசிக்க ஏறத்தாழ 40 டொலர் கட்டச் சொன்னது. நம் காசுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. மீன் கிடைக்காத மாதத்தில் ஒரு கடற்றொழிலாளி வீட்டுச் சாப்பாட்டுச் செலவை நினைத்துப் பார்த்துவிட்டுக் கணினியை மூடினேன். கடைசியில் அந்தக் கட்டுரை எனக்கு இலவசமாகவே கிடைத்தது, எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டபோது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் கேட்டால் தருவார்கள். கேட்கலாம் என்று தெரிந்தவர்கள்தான் குறைவு.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் வெளியாருக்கு நம்புவதற்கே கடினமாக இருக்கும். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் பொதுமக்களின் வரி. கட்டுரை எழுதும் ஆய்வாளருக்கு இதழ் ஒரு சதமும் தராது. கட்டுரை சரியா பிழையா என்று பார்த்துச் சொல்லும் சக ஆய்வாளர்களும் கூலியில்லாமல்தான் வேலை செய்கிறார்கள். அச்சாகும் இதழைப் பல்கலைக்கழக நூலகம் திரும்பவும் பொதுப் பணத்தில் வாங்க வேண்டும். அம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட எல்செவியர்தான் இந்தத் துறையில் உலகின் ஆகப் பெரியது. அதன் தாய்க் குழுமமான ரெலெக்ஸின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், விஞ்ஞான மருத்துவப் பிரிவின் இலாப வீதம் ஏறத்தாழ 38 சதவீதம்.

யாழ்ப்பாணத்து அறிவு அம்ஸ்டர்டாமுக்குப் போய் அச்சாவது நமக்குப் புதிதுமல்ல. 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மதகுருவாக இருந்த பிலிப்பஸ் பல்தேயஸ், இங்கே கேட்டதையும் கண்டதையும் தொகுத்து எழுதிய பெரும் புத்தகம் 1672இல் அந்த நகரத்தில்தான் வெளியானது. கோயில், சாதி, விளைச்சல், தீவுகள், எல்லாம் அதில் இருக்கின்றன. அவருக்குச் சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணத்தார் அதை ஒருநாளும் வாசித்திருக்க மாட்டார்கள்.

பூட்டிய கதவைத் திறக்க வேண்டும் என்று 2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் கேட்டது. திறந்த அணுக்கம் என்ற இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. யாரும் இலவசமாக வாசிக்கலாம் என்பது அதன் அடிப்படை. பதிப்பகங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தன. வாசகரிடம் வாங்காமல், எழுதுகிறவரிடம் வாங்கத் தொடங்கின. நேச்சர் இதழில் திறந்த அணுக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட 2021இல் நடைமுறைக்கு வந்த கட்டணம் 9,500 யூரோ. முப்பது இலட்சம் ரூபாய்க்கு மேல். ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் தேசிய உற்பத்தியில் 0.12 சதவீதத்தை ஒட்டியே செலவழித்து வந்த நாடு இலங்கை. நம் விரிவுரையாளர் இந்தப் பணத்தை எங்கே தேடுவார்? ஏழை நாடுகளுக்குப் பதிப்பகங்கள் தள்ளுபடி தருவதுண்டு. அந்தத் தள்ளுபடி நாட்டின் வருமான வகுப்பைப் பார்த்து வருகிறது. 2019இல் உலக வங்கி இலங்கையை மேல்-நடுத்தர வருமான நாடாக ஏற்றியது, 2020இல் திரும்பக் கீழே இறக்கியது. ஆய்வுகூடத்தில் ஒரு குப்பியும் கூடவில்லை, குறையவில்லை. நாட்டின் பெயர் மட்டும் பட்டியலில் ஏறி இறங்கியது.

பாக்குக் குடாவுக்கு அந்தப் பக்கம் என்ன செய்தார்கள்? இந்திய மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி இந்திய ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு. இராமநாதபுரத்து அரசுக் கல்லூரி மாணவி பெரிய நிறுவனத்து மாணவர் வாசிக்கும் அதே இதழை வாசிக்கலாம். அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் கதவின் பூட்டு அப்படியே இருக்கிறது, திறப்புக்கு மொத்தமாகக் காசு கட்டியிருக்கிறார்கள். கல்லூரிக்கு வெளியே நிற்கும் விவசாயிக்கும் மீனவருக்கும் பத்திரிகையாளருக்கும் அதில் பங்கில்லை. அடுத்த ஆண்டே, 2025 ஓகஸ்டில், கட்டுரைகளைக் களவாக இலவசமாகத் தந்த சை-ஹப் தளத்தை முடக்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்செவியரும் வேறு இரண்டு பதிப்பகங்களும் 2020இல் தொடுத்த வழக்கு அது. எத்தனை தமிழ் மாணவர்களின் ஆய்வேடுகள் அந்தத் தளத்தின் துணையோடு எழுதப்பட்டன என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும். சட்டப்படி அது பிழைதான். அந்தப் பிழையைச் செய்யாமல் படிக்க வழியில்லாத நிலைமையை உண்டாக்கியவர்கள் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

லெய்டன் சொன்னது

பணம் ஒரு பாதிதான். மற்றப் பாதி எண்ணிக்கை.

ஓர் இளம் விரிவுரையாளரை நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில் வேலை. தீவகத்துக் கிணறுகளை ஓராண்டு மாதாமாதம் அளக்க ஆசைப்படுகிறார். மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்றால் போதாது, மாதாமாதம் வேண்டும். படகு, கடல் கொந்தளிப்பு, மாணவர்களுக்கான செலவு, எல்லாம் சமாளிக்கிறார். முடிவை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, எந்த வட்டாரத்தில் எந்தக் கிணற்றில் எந்த மாதத்தில் எவ்வளவு இறைக்கலாம் என்று தமிழில் ஒரு சிறு புத்தகம். மற்றது, ஆங்கிலத்தில் வெளிநாட்டு இதழில் ஒரு கட்டுரை. பதவி உயர்வுக்கான புள்ளி எதற்கு? கட்டுரைக்குத்தான். அதுவும் ஸ்கோபஸ் போன்ற அட்டவணையில் ஏறிய இதழாக இருந்தால் மதிப்பு இன்னும் கூட. அந்த ஸ்கோபஸும் எல்செவியரின் உடைமை. இதழை விற்கிறவரே இதழின் தரத்தை எண்ணும் தராசையும் வைத்திருக்கிறார்.

வெளிநாட்டு இதழுக்கு நெடுந்தீவின் பெயர் தெரியாது. அதனால் கட்டுரையின் தலைப்பு 'வெப்பமண்டலச் சிறுதீவு ஒன்றின்' என்று மாறும். வட்டாரப் பெயர்கள் எண்களாகும். கிணற்றுச் சொந்தக்காரர் மாதிரி எண் ஆவார். விரிவுரையாளர் மேல் குற்றம் இல்லை. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் அவர் செய்ய முடியும்.

இந்த எண்ணும் பழக்கம் உலகத்தையே கெடுத்திருக்கிறது. 2023 ஒரே ஆண்டில் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பாலானவை வைலி நிறுவனத்துக்குச் சொந்தமான ஹிந்தாவி இதழ்களில் வந்தவை. காசு வாங்கிக்கொண்டு போலிக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் தொழிற்சாலைகளே உண்டு. கட்டுரை எண்ணிக்கையில்தான் வேலை, வேலையில்தான் சோறு என்றால் இது நடக்காமல் என்ன செய்யும்?

இதற்கு மாற்றைச் சொன்ன ஊரும் நம் வரைபடத்தில் இருக்கிறது. வேலணைக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் லெய்டன் என்றேன் அல்லவா? அந்த லெய்டனின் பெயரால் 2015 ஏப்ரலில் நேச்சர் இதழில் ஓர் அறிக்கை வந்தது. ஆராய்ச்சியை எண்களால் அளப்பதையே தொழிலாகக் கொண்ட ஐந்து நிபுணர்கள் சேர்ந்து எழுதிய லெய்டன் பிரகடனம். பத்துக் கொள்கைகள் அதில் உண்டு. மூன்றாவது, உள்ளூருக்குப் பயன்படும் ஆராய்ச்சியின் சிறப்பைக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. ஆங்கில இதழ்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், ஒரு நாட்டின் சட்டம், ஒரு பிரதேசத்தின் முதியோர் பராமரிப்பு போன்ற விடயங்களை ஆராய்கிறவர்கள் தோற்றுப்போவார்கள் என்று அது ஸ்பெயினை உதாரணம் காட்டி எச்சரித்தது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகம் 2021இல் ஒரு படி மேலே போய், ஆட்சேர்ப்பிலும் பதவி உயர்விலும், கட்டுரைகள் எத்தனை தரம் மேற்கோளாகின்றன என்று காட்டும் இதழ்களின் தாக்க எண்ணைப் பார்ப்பதைக் கைவிடுவதாக அறிவித்தது. அளக்கும் முறையை உலகத்துக்குப் பழக்கிய நாடுகள் அதைத் திருத்தத் தொடங்கிவிட்டன. நாங்கள்தான் அவர்கள் கழற்றிப்போட்ட சட்டையை இன்னும் இறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடலை யார் எண்ணுவது

கிணற்றை விட்டுக் கடலுக்கு வந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

2022இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் பெருமளவு கடலட்டைப் பண்ணைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தீவகக் கரைகளிலும் அட்டைப் பண்ணைக் கம்புகளும் வலைகளும் எழும்பின. சிலருக்கு வருமானம் வந்தது, அதைக் குறைசொல்ல முடியாது. அதே ஆண்டில் கிளிநொச்சியின் கிராஞ்சியில் சிறுதொழில் மீனவர்கள் மாதக்கணக்காக வீதியில் இருந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது சாதாரணமான கேள்வி. கரையோரச் சாதாழைப் படுக்கையில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன, அந்த இடத்தை வேலி போட்டு அடைத்தால் என்ன ஆகும் என்று யாராவது அளந்து பார்த்தார்களா? அளந்திருந்தால் அந்த அறிக்கையை எங்கள் மொழியில் எங்கள் முன் வையுங்கள். விஞ்ஞானக் கொள்கை என்று கொழும்பில் பெரிய வார்த்தையில் பேசுவதெல்லாம் கரையில் வந்து நிற்கும்போது இந்த ஒரு கேள்விதான்.

பெருங்கடலிலும் இதே கதை. வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்கள் வருவதும், அதற்கு அயல்நாடு ஆட்சேபிப்பதும் நமக்குப் பழக்கமான செய்தி. 2023 இறுதியில் இலங்கை அரசு ஓராண்டுக்கு எல்லா வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களையும் நிறுத்திவைத்தது. அப்போதைய வெளிவிவகார அமைச்சர் அலி சப்ரி சொன்ன காரணங்களில் ஒன்று, நம் ஆட்களும் சம பங்காளியாக நின்று ஆராய்ச்சி செய்யும் திறனை முதலில் வளர்க்க வேண்டும் என்பது. நல்ல காரணம். ஆனால் 2025இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தோடு இயங்கும் ஃப்ரிட்ஜொஃப் நான்சன் கப்பல் மீன்வளக் கணக்கெடுப்புக்கு வரவிருந்தபோது, அனுமதி நடைமுறை ஆயத்தமாகவில்லை என்று இழுபட்டு, கப்பல் மடகஸ்காருக்குத் திருப்பிவிடப்பட்டது. 2018இல் வந்து நம் கடலை அளந்த அதே கப்பல். திறன் வளர்க்க எடுத்த ஓராண்டு போனது, திறனும் வரவில்லை, தரவும் வரவில்லை.

கப்பல் வந்திருந்தாலும் நெடுந்தீவுக் கடற்றொழிலாளருக்கு நேரடியாகக் கிடைத்திருக்கக்கூடியது குறைவுதான் என்பதையும் சொல்ல வேண்டும். பாக்குக் குடா ஆழம் குறைந்த கடல். அப்படிப்பட்ட பெருங்கப்பல் புகுந்து வலைவீசி எண்ணும் இடம் அல்ல. அடிமட்ட இழுவை மடி இலங்கையில் 2017இல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. இந்திய றோலர்கள் இன்னும் நெடுந்தீவுக் கடலில் பிடிபடுகின்றன. இந்தக் கடலில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எண்ணக்கூடியவர்கள் சின்ன வள்ளத்தில் அன்றாடம் வலைவிடுகிறவர்கள்தான். அவர்களோடு உட்கார்ந்து எண்ணும் ஆராய்ச்சிக்குத்தான் பல்கலைக்கழகத்தில் புள்ளி குறைவு.

இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் இதைப் 'பாராசூட் விஞ்ஞானம்' என்று உலக மேடைகளில் சொல்லி வருகிறார். வெளியிலிருந்து வந்து இறங்கி, தரவை எடுத்துக்கொண்டு, உள்ளூர் ஆட்களைச் சேர்க்காமல் திரும்பிப் போகும் ஆராய்ச்சி. 2021ஆம் ஆண்டு ஆய்வொன்று, இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் நடந்த பவளப்பாறைக் களஆய்வுக் கட்டுரைகளில் நூற்றுக்கு 40இல் அந்த நாட்டு விஞ்ஞானி ஒருவர் பெயரும் இல்லை என்று கண்டது. டி வோஸ் சொல்வது முழுக்கச் சரி. அதோடு எனக்கு ஒன்று சேர்க்க இருக்கிறது. பாராசூட் வெளிநாட்டிலிருந்து மட்டும் விரிவதில்லை. கொழும்பிலிருந்தும், ஏன், யாழ்ப்பாண நகரத்திலிருந்தும் விரியும். நெடுந்தீவு மாமியின் கிணற்றுக்குப் போத்தலோடு வந்தவர் தமிழராகவே இருந்திருக்கலாம். அவர் திரும்பி வரவில்லை என்பதுதான் கணக்கு.

திரும்பி வராத விஞ்ஞானம் என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் பார்த்தது. மின்நிலையத்துக்கு அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறதா இல்லையா என்று 2014, 2015இல் பெரும் குழப்பம். ஒரு நிபுணர் குழு ஆபத்தான அளவு இல்லை என்றது. நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் எண்ணெய் இருப்பதாகக் காட்டின. எந்த ஆய்வுகூடம், எந்த நாள், எந்தக் கிணறு, எந்த முறை என்பது குடிக்கிறவர்களுக்குத் தெரியாது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள் தாய்மார் குழந்தைக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று தெரியாமல் இருந்தார்கள். தரவு திறந்திருந்தால், தமிழில் இருந்தால், அந்தப் பயத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

துணி வியாபாரியும் மானிப்பாய் வைத்தியரும்

தமிழில் எழுதினால் விஞ்ஞானம் ஆகுமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல, நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டுக்கே திரும்பப் போக வேண்டும்.

1632இல் அந்த ஊரில் பிறந்த அந்தோனி வான் லேவன்ஹூக் ஒரு துணி வியாபாரி. பல்கலைக்கழகம் போகவில்லை. அக்காலத்து விஞ்ஞான மொழியான லத்தீன் அவருக்குத் தெரியாது. தானே தேய்த்த வில்லைகளால் ஏரித் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் பார்த்தார். துளியில் உயிர்கள் ஓடுவதைக் கண்டார். 1676இல் லண்டன் ரோயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் டச்சு மொழியில்தான். செயலாளர் ஓல்டன்பேர்க் அதை மொழிபெயர்த்து இதழில் போட்டார். நுண்ணுயிரியலின் தொடக்கமே, தன் ஊர்த் தண்ணீரைத் தன் மொழியில் எழுதிய ஒரு மனிதரிடம் இருக்கிறது. மொழிபெயர்க்கும் பாரத்தை அன்று இதழ் சுமந்தது. இன்று அந்தப் பாரம் முழுக்க எழுதுகிறவர் தலையில்.

யாழ்ப்பாணத்துக்கும் இந்தப் பாரம்பரியம் உண்டு. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மேலை மருத்துவம் பயிற்றினார். 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று பாடநூல்கள் அச்சேறின. ஆங்கிலம் படித்த வைத்தியர் பட்டணத்துக்குப் போய்விடுவார், தமிழில் படித்தவர் கிராமத்தில் நிற்பார் என்பது அவர் கணக்கு. நூறாண்டு கழித்து, 1970களில் கண்டியிலிருந்து தமிழில் ஓர் அறிவியல் இதழ் வந்தது. அதன் பெயர் ஊற்று. 2005 முதல் நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்து, யாரிடமும் காசு கேட்காமல் திறந்து வைத்திருக்கிறது. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை நினைக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். வழியும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. நெடுந்தீவின் நன்னீர் வில்லையைப் பற்றி மாலைதீவும் லட்சத்தீவும் அறிய வேண்டும், அவர்களுடையதை நாமும் அறிய வேண்டும். நான் கேட்பது, தமிழில் திருப்பிக் கொடுப்பதும் ஆராய்ச்சியின் பகுதி என்று எண்ணப்பட வேண்டும் என்பது. தீவில் மாதிரி எடுத்தவர், முடிவைத் தமிழில் எழுதிப் பிரதேச செயலகத்திலும் பாடசாலை நூலகத்திலும் வைத்தால், கிணற்றுச் சொந்தக்காரர்களைக் கூட்டி வாசித்துக் காட்டினால், அதற்குப் பதவி உயர்வில் புள்ளி வேண்டும். குறைந்த புள்ளியாக இருக்கக் கூடாது, வெளிநாட்டுக் கட்டுரைக்கு இணையான புள்ளி. ஆராய்ச்சிக்குப் பொதுப் பணம் கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக எழுதலாம். மொழிபெயர்ப்புக்கும் படகுச் செலவுக்கும் வரவுசெலவில் ஒரு வரி ஒதுக்கலாம். நேச்சர் இதழின் ஒரு கட்டுரைக் கட்டணத்தில், தீவகத்தின் எல்லாப் பாடசாலைகளுக்கும் நீரின் உப்பளவு காட்டும் கருவி வாங்கிக் கொடுத்துவிடலாம்.

நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட நாளில் மாமியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். படகுக்கு நேரமாகிவிட்டது. "பொறு தம்பி" என்று உள்ளே போனவர் ஒரு வெற்றுச் சோடாப் போத்தலோடு வந்தார். கிணற்றில் ஒரு வாளி அள்ளினார், மேலாலதான். போத்தலில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார். திரும்பவும் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார். மூன்றாம் தரமும் அப்படியே. பிறகுதான் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடினார். மாதிரி எடுக்கும் முறை அச்சொட்டாக அதுதான். எடுக்கப்போகும் தண்ணீராலேயே மூன்று தரம் அலச வேண்டும். முன்பு வந்தவர்கள் செய்ததைப் பார்த்துப் பழகியிருக்கிறார்.

பேரனைக் கூப்பிட்டு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டுவித்து, திகதியும் நேரமும் எழுதுவித்தார். "மாரிக்கு முந்தி எண்டும் எழுது" என்றார். அவன் எழுதினான்.

"அளந்துபோட்டு வந்து சொல்லு."

வடதாரகைப் படகில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த படகில் ஓரமாக இருந்து வந்தேன். அலை அடித்தபோதெல்லாம் போத்தல் மடியில் உருண்டது, ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.